லடாக்கில் சிவந்த வானம்

மைசூரு,
ஞாயிற்றுக்கிழமை.

அன்புள்ள மச்சானுக்கு,

மாமியின் முழங்கால் வலி குறைந்ததா? நம் மகள் செல்சி ஒழுங்காகச் சாப்பிடுகிறாளா? எனக்கு இங்கே ஒரு குறையும் இல்லை.

வெள்ளிக்கிழமை ஆஸ்பத்திரியில் என்கூட வேலை பார்க்கும் மனிஷா, லடாக்கில் இரவு வானம் செக்கச்செவேலென்று இருந்த படத்தைப் போனில் காட்டினாள். "நோடி சிஸ்டர், எஷ்டு சென்னாகிதே!" என்றாள், எவ்வளவு அழகு பாருங்கள் என்று. அழகுதான், நானும் சிரித்தேன். சூரியனிலிருந்து கிளம்பிய புயலால் வந்த நிறமாம். அதே புயலில் ஜிபிஎஸ் தடுமாறலாம் என்றும் செய்தியில் போட்டிருந்தார்கள். படித்ததும் எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. நீங்கள் அப்போது கடலில் இருந்தீர்கள். நம் ராமேஸ்வரக் கடலில் இலங்கை எல்லைக் கோடு தண்ணீரிலா தெரிகிறது? உங்கள் ஜிபிஎஸ் பெட்டியில்தானே தெரிகிறது! உங்கள் போனும் கிடைக்கவில்லை. ஊசி போட வேண்டிய நோயாளியிடம் திரும்பத் திரும்பப் பெயர் கேட்டுக்கொண்டிருந்தேன்.

நேற்று கரைக்கு வந்து பேசியபோது, "பெட்டி கொஞ்ச நேரம் எங்கேயோ காட்டுச்சு, அப்புறம் சரியாயிருச்சு. இதுக்குப் போயி அழுவுறியே" என்று சிரித்தீர்கள். அந்தக் கொஞ்ச நேரம் கோட்டுக்கு எந்தப் பக்கம் இருந்தீர்கள் என்று உங்களுக்கே தெரியாது, இல்லையா?

போனில் சொன்னால் பேச்சை மாற்றுவீர்கள், அதனால்தான் எழுதுகிறேன். படகிலிருந்த திசைகாட்டியைச் செல்சிக்கு விளையாடக் கொடுத்துவிட்டீர்களே, அதை வாங்கி மறுபடியும் படகில் வையுங்கள். தரமாட்டேன் என்று அழுவாள். பொம்மைக்காகத்தானே, அழட்டும் மச்சான்.

டியூட்டிக்கு நேரமாகிவிட்டது.

உங்கள்
சலேத்