மூன்று பேர், ஒரு கல்

பெப்ரவரி 8, ஞாயிறு

காலை முழுக்க வாசலில் ஸ்னோ வழித்தேன். முதுகு பிடித்துவிட்டது. வழித்து முடித்துக் கை உதறுவதற்குள் நகரசபை வண்டி வந்து தெருவில் கிடந்ததையெல்லாம் எங்கள் வாசலில் தள்ளிவிட்டுப் போனது. நாசமாய்ப் போக. திரும்ப வழித்தேன்.

பின்னேரம் வழமைபோல் வீட்டின் கீழே பேஸ்மென்ற். தம்பி பிரசன், சிநேகிதி நிவேதா, நான். அவன் புரோகிராம், அவள் இசை, நான் படம். பகலில் ஆளுக்கொரு வேலை. பிறகு நாங்கள் சேர்ந்து செய்யும் இந்தக் கொம்பியூட்டர் கேம். பெயர் ‘மறுகரை’. கதை சின்னது. உறைந்த ஏரி, மூன்று சகோதரிகள். அக்கரைக்கு வேலைக்குப் போன தாய் திரும்பி வரவில்லை. பனிக்கட்டிக்குப் பனிக்கட்டி பாய்ந்து அவளைத் தேடிப் போகிறார்கள். விளையாடுகிறவர் நடுவிலாளை ஓட்ட வேண்டும். மூத்தவளும் கடைக்குட்டியும் பின்னால் வருவார்கள். எல்லாம் இருக்கிறது. முடிவு மட்டும் இல்லை.

தேத்தண்ணி குடிக்கும்போது நிவேதா சொன்னாள். நாட்டின் மறுகோடியில், வான்கூவரில் பெரிய கேம் கொம்பனி ஒன்றில் வேலை கிடைத்துவிட்டதாம். மார்ச்சில் தொடக்கம். பிரசன் துள்ளி எழும்பிக் கட்டிப்பிடித்தான். நான் "சூப்பரடி" என்றுவிட்டுக் கோப்பை கழுவப் போனேன். கழுவின கோப்பையையே திரும்பவும் கழுவினேன்.

கோபம். அவளில்தான், வேறு யாரில்? மல்வேர்ன் பள்ளிக்கூடத்தில் ஒரே லொக்கரில் இரண்டு பேரின் ஜாக்கெற்றையும் திணித்த காலத்திலிருந்து ஒன்றாய்த் திரிகிறோம். இந்தக் கேமே அவளுடைய யோசனை. அவள் போனால் இது முடியாது. பிரசனின் கொம்பியூட்டரில் அரைகுறையாய்க் கிடக்கும் மற்றக் கேம்களோடு இதுவும் போய்ப் படுக்கும்.

பெப்ரவரி 10, செவ்வாய்

கடுங்குளிர். நான் வேலை செய்யும் பார்மசியில் எல்லாருக்கும் இருமல். மருந்து எடுக்க வந்த அங்கிள் ஒருவர் வரிசையில் நின்று அரசியல் கதைத்தார். தலையிடி.

பின்னேரம் முடிவைப் பற்றிச் சண்டை.

"அக்கா, கடைக்குட்டி ஐஸ் உடைஞ்சு உள்ள போகோணும். தற்ஸ் இற். ஆக்கள் அழுவினம். அழுதா மறக்க மாட்டினம்."

"உனக்கு ஆரையாவது கொல்லோணும்."

"எல்லா நல்ல கேமிலயும் ஆரோ சாகினம். லிட்டரலி எல்லாத்திலயும்."

நிவேதா ஹெட்போனைக் கழற்றினாள். "உதுக்கு மியூசிக் போட என்னால ஏலாது. ஒரு வயலினை இழுத்துவிட்டா ஆர்தான் அழ மாட்டினம்? அது பெரிய கெட்டித்தனமே?"

அவளோடு ஒத்துப்போக இப்போது விருப்பமில்லை, அவள் சொல்வது சரியென்றாலும்.

பெப்ரவரி 11, புதன்

பஸ்ஸில் இருக்க இடம் கிடைத்தது. அதிசயம். விளையாடின கேம்களில் எது உண்மையாக மனதில் நிற்கிறது என்று யோசித்துப் பார்த்தேன்.

— ஒன்றில், கொன்ட்ரோலரைக் கீழே வைத்தால் அந்தப் பிள்ளை குந்தியிருந்து சப்பாத்து நாடாவைக் கட்டும்.
— ஒன்றில், மழைக்கு ஒதுங்க ஒரு பாறை. அங்கே செய்ய ஒன்றுமில்லை. சும்மா நின்றேன். தேத்தண்ணி ஆறும்வரை நின்றேன்.
— உயரத்திலிருந்து விழுந்தால் வரும் அந்தச் சின்ன ‘ம்க்’.

அவற்றிலெல்லாம் யாரோ செத்தும்தான் போனார்கள். யார் என்று கேட்டால் சொல்லத் தெரியவில்லை. மலை, கோயில், வானம் எல்லாம் கொள்ளை அழகு. அவையும் நினைவில் கலங்கித்தான் தெரிகின்றன. சப்பாத்து நாடா மட்டும் அப்படியே.

வாங்க: பால், கறிவேப்பிலை, அம்மாவின் கைக்குக் கிரீம்.

பெப்ரவரி 12, வியாழன்

இன்றைக்கு நடந்ததை மறக்குமுன் எழுத வேண்டும்.

பேஸ்மென்ற்றின் மற்றப் பாதியில் வாடகைக்கு இருப்பவர் மலர் அக்கா. மட்டக்களப்பு. வயோதிபர் இல்லத்தில் பராமரிப்பு வேலை. வோஷிங் மெஷின் எங்கள் பக்கம் இருப்பதால் உடுப்புக் கூடையோடு வந்தார். மெஷின் சுற்றும்வரை விளையாடிப் பாருங்கோ என்று பிரசன் கொன்ட்ரோலரைக் கையில் கொடுத்தான். கேம் விளையாடி அறியாதவர்.

வீட்டுக் கதவு திறந்தது. சகோதரிகள் மூன்று பேரும் வெளியே வந்தார்கள். அக்கா கொன்ட்ரோலரை அப்படியே பிடித்துக்கொண்டு இருந்தார்.

"என்னகா, மூண்டு பேராவா வெளிக்கிடுதுகள்?"

"ஓம், மூண்டு சிஸ்டர்ஸ்."

"மூண்டு பேராப் போனாக் காரியம் சரிவராது. ஒரு கல்லையெண்டாலும் கையில எடுத்திட்டுப் போகச் சொல்லுங்க. அப்பதான் நாலு."

பிரசன் விழுந்து விழுந்து சிரித்தான். அக்கா சிரிக்கவில்லை. பிள்ளையைத் திருப்பி வாசலுக்கு நடத்தினார். கரையில் நான் படமாய்க் கீறின கல்லுகள் கிடக்கின்றன. சும்மா அழகுக்குக் கீறினவை. ஒவ்வொன்றின் முன்னாலும் நிறுத்தி எல்லாப் பட்டனையும் அமத்தினார். ஒன்றும் எடுபடவில்லை.

"எடுக்குதில்லையே. மறுகா எப்பிடிப் போறது?"

ஏரிப் பக்கம் ஓர் அடி வைக்கவில்லை. மெஷின் நின்றது. ஈர உடுப்பை அள்ளிப் போட்டுக்கொண்டு, "பாவம், சின்னப் பிள்ளையள். கல்லு இல்லாம விட்டிடாதீங்க" என்றுவிட்டுப் போய்விட்டார்.

சிரிப்பு அடங்கினதும் நானும் நிவேதாவும் ஒரே நேரத்தில் ஒருத்தியை ஒருத்தி பார்த்தோம். பிறகுதான் நான் அவளோடு கோபம் என்பது ஞாபகம் வந்தது.

பெப்ரவரி 15, ஞாயிறு

கல் போட்டாயிற்று. இரண்டு நாளாய் இதே வேலை. சின்னது, சாம்பல் நிறம், ஒரு பக்கம் வெள்ளை வரி. புறப்படும்போது நடுவிலாள் குனிந்து எடுத்து ஜாக்கெற் பையில் போடுவாள். நிவேதா அதற்கு ஒரு சத்தம் செய்தாள்: பாய்ந்து இறங்கும் ஒவ்வொரு தரமும் கல் ஜாக்கெற் பையின் பட்டனில் தட்டுப்பட்டு ‘டிக்’. அவ்வளவுதான்.

"சரி, உது என்ன செய்யும்?" பிரசன்.

"ஒண்டும் செய்யாது" என்றோம் இரண்டு பேரும்.

"கதவு திறக்குமா? பவர் தருமா?"

"இல்லை."

"அப்ப என்னத்துக்கு?"

"மூண்டு பேரெல்லே போகினம்" என்றாள் நிவேதா.

பிரசனின் வேலையிடத்துச் சிநேகிதர்கள் பின்னேரம் வந்து விளையாடிப் பார்த்தார்கள். ரோல்ஸ் ஒரு தட்டம் முடிந்தது. எல்லாரும் கேட்டது கல்லைப் பற்றித்தான். எதற்கு, எங்கே பாவிக்க வேண்டும்? எறிவதற்குப் பட்டன் இருக்கிறது, விரும்பினால் எறியலாம் என்று பிரசன் காட்டினான். ஒருவரும் எறியவில்லை. நான் கண் நோகக் கீறின வடதுருவ வெளிச்சத்தைப் பற்றி ஒரு வார்த்தை! ஒரு வார்த்தை இல்லை.

பெப்ரவரி 17, செவ்வாய்

எழுதவே மனமில்லை.

பிரசன் திரும்பவும் தொடங்கினான், கடைக்குட்டி சாக வேண்டும் என்று. "கல்லு பாதுகாக்கும் எண்டு ஆக்கள் நினைப்பினம். ஆனாப் பாதுகாக்காது. பயங்கரமா இருக்கும், அக்கா." நிவேதா முடியவே முடியாது என்றாள். "நம்பிக் கொண்டுபோன ஆக்களை ஏமாத்திறதே? நான் இதுக்குச் சம்மதிக்க மாட்டன்."

அப்போது நான் சொன்னேன்: "நீ போறாய்தானே. நீ என்னத்துக்கு இதில கதைக்கிறாய்?"

பிரசன் ஸ்கிரீனைப் பார்த்தான். நிவேதா கீபோர்ட்டை மூடி வைத்தாள். ஜாக்கெற் போட்டாள், சப்பாத்துப் போட்டாள். ‘போட்டு வாறன்’ சொல்லாமல் போனாள். இத்தனை வருடத்தில் சொல்லாமல் போனது இதுதான் முதல் தரம்.

பெப்ரவரி 19, வியாழன்

உறைமழை. மரமெல்லாம் கண்ணாடி. நிவேதா வரவில்லை. போன் இல்லை, மெசேஜ் இல்லை. பிரசன் கேமின் பழைய பிழைகளைத் திருத்தினான். நான் ஒரு மேகத்தைக் கீறி அழித்துக் கீறி அழித்தேன். அம்மா மேலேயிருந்து, "நிவேதா எங்க? அவவுக்கும் சேர்த்தெல்லே புட்டு அவிச்சனான்" என்றார். அவளுடைய பங்கையும் நானே தின்றேன். செமிக்கவில்லை.

அவள் போவதில் எனக்குக் கோபம் இல்லை. பயம். அவள் இல்லாமல் எனக்கு யாரும் இல்லை, அதுதான் உண்மை. இங்கே எழுதலாம், யார் பார்க்கப் போகிறார்கள்.

பெப்ரவரி 21, சனி

மோர்னிங்சைட்டில் நிவேதாவின் வீட்டுக்குப் போனேன். பஸ் பிந்தி வந்தது, கால் விறைத்துவிட்டது. கதவைத் திறந்தவள், "வா, சப்பாத்தை அங்கால கழட்டு, கார்ப்பெற் எல்லாம் ஈரமாகும்" என்றாள். வீடு முழுக்கப் பெட்டி. மன்னிப்புக் கேட்க வாய் திறந்தேன். "விசர்க் கதை கதையாத, தேத்தண்ணி போடு" என்றாள். போட்டேன்.

அவள் கோப்பையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "நடு ஏரியில ஒரு வெளிச்சவீடு கீறினனியெல்லே? மூத்தவள் அங்க நிக்கட்டும். ஆரும் லைற் போட்டாத்தானே மற்ற ரெண்டு பேருக்கும் பாதை தெரியும்? ஒருத்தரும் சாகத் தேவையில்லை. ஒராள் அங்க நிக்கிறா. அவ்வளவுதான்."

எனக்குப் பிடித்தது. ஆனால் ஒரு சிக்கல்.

"அப்ப கல்லு?"

"ரெண்டு பேர் கல்லோட போனா மூண்டாப் போயிடும். ஆகாது. மூத்தவளிட்டக் குடுத்திட வேணும். அவ தனிய. கல்லோட நிண்டா ரெண்டு."

"அப்ப டிக் சத்தம்?"

"ஓம். அதுக்குப் பிறகு இல்லை."

அவள் கொம்பியூட்டரில் அந்த இடத்தைத் திறந்தாள், சத்தத்தை எடுத்துவிட்டாள், கொன்ட்ரோலரைக் கையில் தந்தாள். பாய்ந்தேன். இறங்கினேன். ஒன்றும் கேட்கவில்லை. திரும்பவும் பாய்ந்தேன். விக்கி விக்கி அழுதேன், வயலின் இல்லாமலே. அவளும்தான். பிறகு இரண்டு பேரும் சேர்ந்து சட்டி பானைகளைப் பேப்பரில் சுற்றினோம்.

பெப்ரவரி 24, செவ்வாய்

முடிவு கேமில் ஏறிவிட்டது. பிரசன் முதலில் முகத்தைச் சுளித்தான். விளையாடிப் பார்த்தான். "வெயிட்" என்றான். கல்லைக் கொடுத்த பிறகு வரும் பாய்ச்சலைத் திரும்பப் பாய்ந்தான். ஐஸ் உடைக்கும் கதையை அதன்பிறகு எடுக்கவில்லை.

உடுப்புக் கூடையோடு வந்த மலர் அக்காவைக் கூப்பிட்டோம். பாய்வது அவருக்கு வரவே இல்லை. அந்த இடங்களில் நிவேதா பக்கத்தில் இருந்து அமத்திக் கொடுத்தாள். புறப்படும்போது கல்லை எடுத்ததும், "ஆ, இப்பதான் சரி" என்றார். வெளிச்சவீடு வந்தது. நடுவிலாள் பையிலிருந்து கல்லை எடுத்து மூத்தவளின் கையில் வைத்தாள். பிறகு இரண்டு பேராய்ப் பாய்ந்தார்கள்.

அக்கா கொன்ட்ரோலரைக் காதுக்குக் கிட்டப் பிடித்தார். "சத்தம் நிண்டுட்டுதே, உடைஞ்சு போச்சா?"

நிவேதா இன்னொரு பாய்ச்சலை அமத்தினாள்.

"ஓ... அது அவவிட்டயெல்லோ இருக்கு" என்றார். மெஷின் நின்று கனநேரம். உடுப்பை எடுக்க எழும்பவே இல்லை. பின்னால் தூரத்தில் வெளிச்சவீட்டு லைற் எரிவதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மார்ச் 1, ஞாயிறு

வெயில். ஸ்னோ கரைந்து வாசலில் ஊத்தைத் தண்ணி. காலை எட்டு மணி போல் பியர்சன் விமான நிலையத்துக்கு வெளிக்கிட்டோம். அம்மா சம்பல் பாண் கட்டிக் கொடுத்தார். பெட்டிகளை ஏற்றி முடித்து, பிரசன், நிவேதா, நான் என்று காரில் ஏறப் போக, பிரசன் நின்றான். குனிந்தான். வழித்த ஸ்னோவின் அடியிலிருந்து ஒரு கல்லைக் கிளறி எடுத்து, தன் ஜீன்ஸில் துடைத்து, நிவேதாவின் ஜாக்கெற் பைக்குள் போட்டான். விழுந்து விழுந்து சிரித்த அதே ஆள். காரில் ஏறினோம்.

விமான நிலையத்தில் அழ மாட்டேன் என்று நினைத்திருந்தேன். அழவில்லை. அவள் என்னை இறுக்கிக் கட்டிப்பிடித்தாள். "போட்டு வாறன்" என்றாள். "ஓம், போட்டு வா" என்றேன். உள்ளே நடந்தாள். ஒரு தரம் திரும்பிப் பார்த்தாள், கை காட்டினாள், பிறகு ஆளைக் காணவில்லை.

வரும் வழியில் பிரசன் ரேடியோவை நிறுத்தினான். கல்லு அவளிடம் இருக்கிறது, அவள் தனிய இல்லை, அதுதான் சரி என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு வந்தேன். ஹைவேயால் இறங்கி எங்கள் தெருவுக்குள் திரும்பி முதல் வேகத்தடையில் கார் ஏறி இறங்க,

டிக்.

பையில் கை விட்டேன். என் பையில். கட்டிப்பிடிக்கும்போது போட்டிருக்கிறாள், கள்ளி.

உடனே போன் எடுத்தேன். "விசரி, நாங்கள் இப்ப ரெண்டு பேரடி! கல்லோட மூண்டு! நீயே சொன்னனி ஆகாதெண்டு!"

விமானத்தில் ஏற வரிசையில் நிற்கிறாள் போல, பின்னால் அறிவிப்புச் சத்தம். "ஆர் சொன்னது ரெண்டு பேரெண்டு? நான் கேமில இருந்து விலகிறன் எண்டு எப்பயாவது சொன்னனானே? ஒழுங்கா எண்ணு" என்றாள். வைத்துவிட்டாள்.

பிரசனுக்குக் கேட்டிருக்க வேண்டும். எங்கள் வீட்டைத் தாண்டிக் காரை விட்டான். தெருமுடிவில் திருப்பி, வேகத்தடைகளில் மெல்ல மெல்ல ஏற்றி இறக்கிக்கொண்டு திரும்பவும் வந்தான்.