ஓரத்துச் சுருள்கள்

12 ஜனவரி 1961, வியாழன்

இன்றைக்கு ஸ்டூடியோவில் ஒரு தப்பு செய்துவிட்டேன். கல்லூரி வாத்தியார் ஒருவர் வானத்துப் படம் ஒன்றைக் கொடுத்து, பெரிதாக்கித் தரச் சொல்லியிருந்தார். அதை நெகடிவ் எடுத்ததும் என் கை சும்மா இருக்கவில்லை. கல்யாணப் பெண்களின் முகத்துக்கு டச்சிங் செய்கிற பழக்கம். ஓரமெல்லாம் சுருள் சுருளாகக் கிடந்த மங்கலைக் கத்தியால் சுரண்டி வழவழப்பாக்கிவிட்டேன்.

வாத்தியார் நான் பெரிதாக்கிய படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"இதெல்லாம் கறை இல்லப்பா. ஒவ்வொண்ணும் நம்ம பால்வீதி மாதிரி ஒரு நட்சத்திரக் கூட்டம். நடுவுல நெருக்கமா இருக்கறதெல்லாம் ஒண்ணுக்குள்ள ஒண்ணு புகுந்து போயி, வாயு போயி, சுருளும் போயி மொழுக்குனு ஆயிடுதுன்னு சொல்றாங்க. ஓரத்துல இருக்கறதுக்குத்தான் சுருள் மிச்சம்."

"அதத்தான் நான் எடுத்துட்டேனா சார்?"

"கோடி வருஷ வேலை. நீ ஒரு மத்தியானத்துல முடிச்சிட்டே."

சிரித்தார். அவர் கொடுத்த மூலப் படம் பத்திரமாக இருக்கிறது. நாளைக்கு மறுபடி எடுத்துத் தருகிறேன் என்றேன்.

வீட்டுக்கு வந்த பிறகும் அந்தச் சுருள்கள் கண்ணுக்குள் மெதுவாகச் சுற்றுகின்றன. சுவரில் எங்கள் கல்யாணப் படம். கமலாவின் கன்னத்து அம்மைத் தழும்புகளை நெகடிவில் பென்சிலால் மூடியவன் நான்தான். அன்றைக்கு அவள் படத்தைப் பார்த்துவிட்டு, "நல்லாத்தான் இருக்கா. யாரு இவ?" என்றாள். விளையாட்டு என்று நினைத்தேன்.

அந்த நெகடிவ் எப்போதோ தொலைந்துவிட்டது.

அவள் தூங்குகிறாள். விளக்கைக் கொஞ்சம் அவள் கன்னத்துப் பக்கம் திருப்பி வைத்திருக்கிறேன்.