இணைப்பு இரண்டு

கிழக்குத் தாம்பரம்
4.6.2023

அன்புள்ள தம்பி ஃபிரெடிக்கு,

ஆண்டவர் கிருபையால் நலம். வாட்ஸ்அப்பில் அனுப்பினால் படிக்காமலே கட்டைவிரலைக் காட்டுகிறாய். அதனால்தான் காகிதத்தில் எழுதுகிறேன்.

எங்கள் வக்கீல் ஆபீசில் நான் நாள் முழுக்கப் படிப்பது காப்புரிமை விண்ணப்பங்களைத்தான். ஐந்து வருடத்து விண்ணப்பங்களை வைத்துப் பார்த்தேன். பாட்டுக் கேட்கிற இயர்போன் கம்பெனிகள் இப்போது காது மெஷின் காப்புரிமைகளை மேற்கோள் காட்டுகின்றன. காது மெஷின்காரர்கள் அவர்களுடையதை. இரண்டு தொழிலும் ஒன்றாகப் போகின்றன. உங்கள் கூடுவாஞ்சேரியில் நாலு பக்கமும் ரோடு போட்டு நடுவில் விட்ட காலி மனை மாதிரி ஓர் இடத்தை மட்டும் யாரும் தொடவில்லை: பாட்டுக் கேட்கும்போதே காதின் மந்தத்தைத் தானே அளந்து, தன்னைத் திருத்திக்கொள்ளும் இயர்போன். நீ காது மெஷின் செய்கிறவன். இருவர் பெயரிலும் விண்ணப்பிக்கலாம். பழைய மெஷினைத் துடைத்துக்கொண்டே இருந்தால் மூன்று வருடத்தில் ஈ ஓட்டுவாய்.

அன்பு அக்கா,
ஜெயசீலி

கூடுவாஞ்சேரி
12.6.2023

அன்புள்ள அக்காவுக்கு,

உன் ஆரூடம் கிடைத்தது. கூண்டும் கிளியும்தான் பாக்கி.

இது ஒரு கண்டுபிடிப்பா? பொத்தேரி ஸ்டேஷன் வாசலில் இயர்போன் விற்கிறவனிடம் சொன்னேன். "இன்னா சார், ரெண்டையும் ஒண்ணா சேத்துட வேண்டியதுதான? இதுக்குப் போயி பேஜாரா?" என்று சிரித்தான். அவனுக்கே தோன்றுவதைச் சொல்ல நீ ஐந்து வருடத்துக் காகிதத்தைப் படித்திருக்கிறாய். கண்ணைக் கெடுத்துக்கொள்ளாதே. உன் தம்பி பெண்டாட்டி சுஜி உன்னை விசாரித்தாள்.

அன்புத் தம்பி,
ஃபிரெடி

கூடுவாஞ்சேரி
20.1.2025

அன்புள்ள அக்காவுக்கு,

சனிக்கிழமை ஃபோனில் கத்தினாயே, அதற்குப் பதில். ஆமாம், நானும் இயர்போன் கம்பெனி ராஜகோபாலன் சாரும் சேர்ந்து விண்ணப்பித்திருக்கிறோம். உன் பெயரைச் சேர்க்க முடியாது. நீ படித்தாய், நாங்கள் கண்டுபிடித்தோம். மெனு கார்டைப் படித்தவளைச் சமையல்காரி என்று யாரும் சொல்வதில்லை. முதல் இயர்போனை உனக்கே தருகிறேன், போதுமா?

ஃபிரெடி

கிழக்குத் தாம்பரம்
27.1.2025

ஃபிரெடி,

எந்த விண்ணப்பமும் பதினெட்டு மாதம் மூடியே இருக்கும், பிறகு வெளியில் வந்துவிடும். அதுகூடத் தெரியாமல் தொழில் செய்கிறாய். நீ விண்ணப்பித்த தேதி 19.6.2023. கிளி இல்லையே என்று என்னைக் கேலி செய்து ஏழே நாள். 'தானே அளந்து, தன்னைத் திருத்திக்கொள்ளும்' என்ற என் வாசகத்தை அப்படியே இங்கிலீஷாக்கியிருக்கிறாய். திருடுவதற்கும் சோம்பேறித்தனம்.

நான் கேட்டது பெயரை மட்டும்தான். கூடப் பிறந்தவன் அதைக்கூடத் தர மாட்டேன் என்றது வலிக்கிறது.

இன்று காப்புரிமை அலுவலகத்தில் எதிர்ப்பு மனு கொடுத்துவிட்டேன். இணைப்பு ஒன்று, என் கடிதத்தின் நகல். இது கண்டுபிடிப்பு என்றால் என்னிடமிருந்து எடுத்தது. இணைப்பு இரண்டு, நீ கையெழுத்துப் போட்ட பதில். பொத்தேரி ஸ்டேஷன் வாசலில் நிற்பவனுக்கே தோன்றும் என்று எழுதியிருக்கிறாய். அப்படி எல்லோருக்கும் தோன்றுவதற்குச் சட்டத்தில் காப்புரிமை கிடையாது. உன் விண்ணப்பம், உன் கடிதம், இரண்டில் எது பொய் என்று நீயே ராஜகோபாலனுக்கு விளக்கு.

ஈஸ்டருக்குச் சுஜி மட்டும் வரட்டும்.

இப்படிக்கு,
எதிர்ப்பு மனுதாரர்
ஜெயசீலி