முக்காலியின் இரண்டாவது கைப்பிடி

சாக்கைப் பிரித்ததும் முதலில் வந்தது விளக்கெண்ணெய் வாசனைதான். எஞ்சினில் வெந்து கருகிய விளக்கெண்ணெய். அதை ஒரு தடவை முகர்ந்தவன் மறக்க மாட்டான். நான் மறக்க முயன்று பத்து வருஷம் ஆகிறது.

சாக்கை என் வாசற்படியில் வைத்துவிட்டு உன் மனைவி நின்றாள். உன் காரியம் முடிந்து மூன்று நாள் ஆகியிருந்தது. நான் வரவில்லை. வருவேன் என்று நீயும் நினைத்திருக்க மாட்டாய்.

"தோட்டத்து வீட்டைக் காலி பண்ணச் சொல்லிட்டாங்கண்ணே. ஆஸ்பத்திரிக்குப் புது டிரசர் திங்கக்கிழமை வர்றாரு. கொட்டகையில அந்த வண்டி நிக்குது. நீங்க எடுத்துக்கலைன்னா இரும்புக்காரன்கிட்ட போட்டுருவேன்னு தொரை சொல்றாரு."

"இது என்ன?" என்று சாக்கைக் காட்டிக் கேட்டேன். தெரியாமல் கேட்கவில்லை. அவள் வாயால் வரட்டும் என்று கேட்டேன்.

"வண்டியைச் சுத்துற கைப்பிடி. உங்ககிட்ட சேர்க்கச் சொன்னாரு."

வண்டியின் கைப்பிடி என் கட்டிலுக்கு அடியில் இருக்கிறது. தோட்டத்தை விட்டு ரெங்கம் டவுனுக்குக் குடிவந்த நாளிலிருந்து அங்கேதான் இருக்கிறது. அவள் கொண்டுவந்தது மற்றது. நீ செய்துகொண்டது. விரலால் தடவிப் பார்த்தேன். எண்ணெய் காயவில்லை. ஆக, என்னை அனுப்பிவிட்டுக் கடைசிவரை சுகமாக ஓட்டியிருக்கிறாய்! அந்த ஆத்திரத்தில்தான் இந்தக் கடிதத்தை எழுத உட்கார்ந்தேன். பாதியில் எழுந்து, சனிக்கிழமை தோட்டத்துக்குப் போய்வந்து, மீதியை எழுதியிருக்கிறேன். முதலில் எழுதியதை அடிக்கவில்லை. அடித்து எழுதுவது என் வழக்கமில்லை.

தோட்டத்துச் சின்ன துரை பாலத்தடியில் வண்டியோடு கவிழ்ந்து கிடந்த காலை உனக்கு ஞாபகம் இருக்கும். டிரசராக மருந்தும் கட்டும் பார்த்துக்கொண்டிருந்த நீ, தோட்டத்து ஆஸ்பத்திரியிலிருந்து மூங்கில் பட்டையோடு ஓடினாய். நான் ரப்பர் ஆலையின் எஞ்சின் வீட்டிலிருந்து கயிற்றோடு ஓடினேன். நீ துரையின் காலைப் பார்த்தாய், நான் வண்டியைப் பார்த்தேன். முன்னால் இரண்டு சக்கரம், பின்னால் ஒன்றே ஒன்று. எஞ்சினின் இரண்டு உருளைகளும் மூக்குக்கு வெளியே மூடியில்லாமல் நீட்டிக்கொண்டிருந்தன. உடம்பு படகு மாதிரி பின்னால் கூராகப் போனது. ஓட்டுகிறவனும் பக்கத்தில் ஒருவனும் தோள் இடிக்க உட்கார இடம். பந்தயத்துக்காகவே செய்த வண்டி என்று துரை வலியிலும் பெருமையாகச் சொன்னான். சீமைக்குக் கப்பல் ஏறும்போது, ஓட வைக்க முடிந்தால் நீங்கள் இரண்டு பேரும் வைத்துக்கொள்ளுங்கள் என்று உன்னிடம் சொல்லிவிட்டுப் போனான். இரண்டு பேரும் என்றான். நீதான் எனக்கு அதை மொழிபெயர்த்தாய்.

லயத்து வரிசை வீடுகளில் இருந்த ஜனங்கள் அதற்கு முக்காலி என்று பெயர் வைத்தார்கள். உன் ஆஸ்பத்திரிக்குப் பின்னால் இருந்த கொட்டகையில் அதை நிறுத்தினோம். ஆள் முன்னால் நான் உன்னை 'டிரசர் ஐயா' என்பேன். வண்டிக்கு அடியில் படுத்துவிட்டால் 'டேய்'தான். நீ இரண்டு இடத்திலும் என்னை 'அண்ணே' என்றே கூப்பிட்டாய்.

எனக்கு இங்கிலீஷ் தெரியாது. எஞ்சின் வேலையை யாரும் எனக்குச் சொல்லித்தரவும் இல்லை. கழற்றினேன், பார்த்தேன், பூட்டினேன், அவ்வளவுதான். துரை விட்டுப்போன புத்தகத்தை நீ படித்துச் சொல்வாய். நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

"புத்தகத்துல அப்படித்தான் போட்டிருக்குண்ணே."

"புத்தகம் எழுதினவன் ரெங்கத்துல ஒரு மழைக்காலம் இருந்திருக்கானா, கேளு."

முதல் மாதம் எஞ்சின் சூட்டில் இறுகி இறுகி நின்றது. கடை எண்ணெய் நம் வெயிலுக்குத் தாங்காது, விளக்கெண்ணெய் ஊற்றலாம் என்றேன். உன் ஆஸ்பத்திரி அலமாரியில் அது போத்தல் போத்தலாக இருந்தது. நீ வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாய். "எஞ்சினுக்கே பேதி குடுக்குற ஒரே ஆளு நீங்கதாண்ணே."

"உன் மருந்தைக் குடிச்சிட்டு எழுந்து ஓடப்போற முதல் ஆளும் இதுதாண்டா" என்றேன்.

ஓடியது. ஓடுவதற்கு முன்னால் என் கட்டைவிரலை வாங்கிக்கொண்டது. பொறி அடிக்கும் நேரத்தைத் தள்ளிவைக்கும் நெம்புகோலைத் தாழ்த்தாமல் கைப்பிடியைச் சுற்றினேன். அது திருப்பி அடித்தது. நீ கட்டுப் போட்டுக்கொண்டே, புத்தகத்தில் அதற்கும் எச்சரிக்கை போட்டிருக்கிறது என்று படித்துக் காட்டினாய். அன்றிலிருந்து கட்டைவிரலை மற்ற விரல்களோடு சேர்த்து வைத்தே சுற்றினேன். இன்றைக்கும் மழை வந்தால் அந்த மூட்டு முதலில் சொல்லும்.

சின்ன துரை கவிழ்ந்ததற்குக் காரணம் அவன் குடித்தது என்று எல்லோரும் சொன்னார்கள். பின் சக்கரத்தில் மட்டும் பிரேக் என்பதுதான் காரணம் என்றேன் நான். ஈரச் செம்மண்ணில் பின்னால் மட்டும் பிடித்தால் வால் முன்னால் வந்துவிடும். நாலு மாதம் மெனக்கெட்டு, பழைய மோட்டார் சைக்கிள் ஒன்றின் பிரேக்கைப் பிரித்து, முன் சக்கரம் இரண்டுக்கும் கம்பி இழுத்துப் பூட்டினேன். அதே பாலத்துக்கு முன்னால் முழு வேகத்தில் வந்து பிடித்தோம். நேராக நின்றது. நீ இறங்கி மண்ணில் விழுந்த மூன்று கோடுகளையும் பார்த்தாய்.

"தொரைக்கு இது இருந்திருந்தா அவருக்குக் கால் ஒடிஞ்சிருக்காது. நமக்கு வண்டியும் கெடச்சிருக்காது. கடவுள் ஒரு கணக்காத்தான் இருக்காரு அண்ணே."

என் வாழ்க்கையில் நான் சந்தோஷமாக இருந்த காலம் அது. கல்யாணம் செய்துகொள்ளாதவனுக்கு இதைச் சொல்வதில் வெட்கமில்லை.

ஒப்பந்தத்தை நான்தான் சொன்னேன். வண்டி உன் கொட்டகையில் இருக்கட்டும், கைப்பிடி என் வீட்டில் இருக்கட்டும். கைப்பிடி இல்லாமல் எடுப்பதென்றால் தள்ளவேண்டும், சமதரையில் அதற்கு இரண்டு பேர் வேண்டும். எப்படிப் பார்த்தாலும் ஒருவரை விட்டு ஒருவர் ஓட்ட முடியாது.

"பொண்ணு என் வீட்ல, தாலி உங்க வீட்லயா?" என்று கேலி செய்தாய். ஆனால் என் கையைப் பிடித்து, சரி என்றாய்.

அதற்கு அடுத்த வருஷம் பின் டயர் தேய ஆரம்பித்தது.

நாம் ஞாயிற்றுக்கிழமை ஓட்டுகிற ஓட்டத்துக்கு அது தேயவே கூடாது. சக்கரம் கோணலாக நிற்கிறது என்று முடிவு செய்தேன். கழற்றினேன், தகடு வைத்துப் பூட்டினேன். புது டயரும் தேய்ந்தது. முன் சக்கரங்களிலிருந்து பின் சக்கரத்துக்கு நூல் பிடித்து, அரை நெல் அளவுக்குப் பார்த்துச் சரிசெய்தேன். அதற்குப் பிறகும் தேய்ந்தது. மூன்றாவது தடவை இன்னொரு புது டயர் போட்டு, சங்கிலி ஓடும் பல்சக்கரத்தையே மாற்றினேன். எனக்குத் தூக்கம் போய்விட்டது. ஆலையின் பெரிய எஞ்சினைக் கட்டி மேய்க்கிறவனுக்கு ஒரு சக்கரத்தை நேராக நிறுத்தத் தெரியவில்லையே என்று என் கைகளையே வெறித்துப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

மூன்று தடவையும் நூலின் மறுமுனையைப் பிடித்தவன் நீ.

"ரோடு சரியில்லண்ணே" என்றாய் ஒரு தடவை. "ரப்பர் மட்டமான ரப்பர்" என்றாய் ஒரு தடவை. ரப்பர் தோட்டத்தில் நின்றுகொண்டு சொன்னாய். நான் நம்பினேன்.

அப்புறம், மூன்றாவது டயர் பூட்டிய அதே மாதத்தில், அந்த வெள்ளிக்கிழமை. காலை பத்து மணி இருக்கும். ஆலையில் ரப்பரை ஷீட்டாக அழுத்தும் உருளைகளை இழுக்கும் பெல்ட் அறுந்தது, எஞ்சினை நிறுத்தினேன். அந்த எஞ்சின் ஓடும்போது பக்கத்தில் இருப்பவன் கத்தினாலும் கேட்காது. அது நின்ற அமைதியில், பாலத்துப் பக்கமிருந்து ஒரு சத்தம் வந்தது. இரண்டு உருளை, ஒன்று கொஞ்சம் பிந்தி அடிக்கும் சத்தம். உலகத்தில் ஆயிரம் எஞ்சின் ஓடினாலும் அதை நான் பிரித்துச் சொல்வேன்.

கை துடைக்கிற துணியோடு ரோட்டுக்கு வந்து நின்றேன். துரையின் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, சட்டை பொம்மென்று காற்றில் உப்ப, நீ வந்தாய். என்னைப் பார்த்ததும் பிரேக்கைப் பிடித்தாய். நான் வைத்த பிரேக். நேராக நின்றது.

"அண்ணே... சொல்லணும்னுதான் இருந்தேன்."

"எதுல எடுத்தே?"

காலடியிலிருந்து இன்னொரு கைப்பிடியை எடுத்துக் காட்டினாய். குளுவாங் டவுனில் சீனப் பட்டறையில் அடித்தது என்றாய். என் எஞ்சின் ஓடுகிற நேரம் பார்த்து, என் எஞ்சின் சத்தத்தின் மறைவிலேயே நீ ஓட்டியிருக்கிறாய். லயம் முழுக்கத் தெரியும். ஆலையில் ஷீட் உருளை ஓட்டும் பெண்களுக்குத் தெரியும். நான் சம்மதித்துத்தான் எடுக்கிறாய் என்று எல்லோரும் நினைத்திருந்தார்கள்.

"அப்போ டயரு?" என்றேன்.

நீ பின் சக்கரத்தைத் திரும்பிப் பார்த்தாய்.

"மூணு தடவை கழட்டிப் பூட்டினேனேடா. நூலைப் பிடிச்சிக்கிட்டு நின்னியே."

"நீங்க பூட்டின பிறகு முன்னவிட நல்லாவே ஓடுச்சுண்ணே" என்றாய். ஆறுதல் சொல்கிறோம் என்று நினைத்துத்தான் சொன்னாய். அதுதான் இன்னும் மோசம்.

ஏன் என்று கேட்டேன். நீ டிரசர். நோயாளியைப் பார்க்கப் போனேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நான் வாயை மூடிக்கொண்டிருப்பேன். ஆனால் நீ, "தனியா ஓட்டணும்போல இருந்துச்சுண்ணே" என்றாய். அத்தனை மாதம் பொய் சொன்னவனுக்கு அன்றைக்குப் பார்த்து உண்மை வந்துவிட்டது. பக்கத்தில் நான் இல்லாமல் ஓட்டவேண்டும் என்பதுதான் உன் ஆசை. வண்டியைத் திருடியிருந்தால் பொறுத்திருப்பேன். என் கையின் மேலேயே எனக்குச் சந்தேகம் வரவைத்து, பக்கத்தில் நின்று பார்த்தாய். அதைப் பொறுக்க முடியவில்லை.

மாதம் முடிவதற்குள் வேலையை விட்டு ரெங்கம் வந்தேன், சைக்கிள் பழுதுபார்க்க உட்கார்ந்தேன். நீ இரண்டு தடவை வந்தாய். உள்ளே இருந்துகொண்டே, இல்லை என்று கடைப் பையனைச் சொல்லச் சொன்னேன். தோட்டத்து ஆட்கள் உன் பேச்சை எடுத்தால் எழுந்து போய்விடுவேன். பிறகு யாரும் எடுக்கவில்லை.

இங்கேதான் நிறுத்தியிருந்தேன். இனி சனிக்கிழமைக்குப் பிறகு எழுதுவது.

என் கைப்பிடியைத்தான் எடுத்துப் போனேன். உன்னுடையதை அன்றைக்கே சாக்கோடு உன் மனைவி கையில் திருப்பிக் கொடுத்து அனுப்பியிருந்தேன். பெட்ரோல் ஊற்றி, நெம்புகோலைத் தாழ்த்தி, கட்டைவிரலை ஒதுக்கி, சுற்றினேன். வழுக்கியது. மறுபடி சுற்றினேன், மறுபடி வழுக்கியது. குனிந்து பார்த்தேன். எஞ்சின் தண்டின் முனையில் குறுக்கே ஓர் ஆணி இருக்குமே, கைப்பிடியின் வாய் வந்து கவ்வுவது, அது சாய்வாகத் தேய்ந்திருந்தது. பட்டறைக்காரன் உன் கைப்பிடியின் வெட்டைச் சாய்வாகப் போட்டிருக்கிறான். ஆணி அதற்கு ஏற்றபடி தேய்ந்து, என்னுடையதை மறந்துவிட்டது.

இவ்வளவு தேயவேண்டுமென்றால் எத்தனை தடவை சுற்றியிருப்பாய்! எத்தனை ஊர் போயிருப்பாய்! அந்தக் கோபத்தில் பின்பக்கம் போய் டயரைப் பார்த்தேன்.

நான் கடைசியாகப் பூட்டிய டயர். அதன் பக்கவாட்டில் நான் இரும்புக் கம்பியால் போட்ட குறி அப்படியே இருந்தது. ரப்பர் வெயிலும் மழையும் இல்லாமலே காய்ந்து வெடித்திருந்தது. ஆனால் தரையில் படும் வரிகள், விரல் நகம் நுழையும் ஆழத்தில், நான் பூட்டிய மாதத்தில் எப்படியிருந்தனவோ அப்படியே இருந்தன.

உன் மனைவி சமையலறை வாசலில் நின்றிருந்தாள். "இதை எப்ப கடைசியா வெளியே எடுத்தான்?" என்று கேட்டேன்.

"உங்ககிட்ட மாட்டிக்கிட்ட அன்னைக்குத்தான். அதுக்கப்புறம் எடுக்கவே இல்லண்ணே. ஞாயித்துக்கிழமை காலையில எஞ்சினை மட்டும் சுத்திவிட்டு, கொஞ்ச நேரம் ஓடவிட்டு, பக்கத்துச் சீட்ல உட்காந்திருப்பாரு. புகை வீடு பூரா வரும். நான் திட்டுவேன்."

"பக்கத்துச் சீட்லயா?"

"ஆமா. ஓட்டுற சீட்ல உட்காந்து நான் பார்த்ததில்ல."

சாக்கை என் பக்கம் வைத்துவிட்டு உள்ளே போனாள். வேறு வழியில்லை. உன் கைப்பிடியைப் போட்டேன். இரண்டாவது சுற்றில் பிடித்தது. அந்த டயரில் நடக்கிற வேகத்துக்கு மேல் போக முடியாது. ரெங்கம் வரைக்கும் அப்படியே ஓட்டி வந்தேன். பக்கத்து இருக்கையில் இரண்டு கைப்பிடிகளும் ஒன்றோடொன்று இடித்துச் சத்தம் போட்டுக்கொண்டு வந்தன.

இதைப் படித்துவிட்டு நான் மன்னித்துவிட்டேன் என்று யாரும் நினைக்கவேண்டாம். ஓட்டியதை என்னிடம் மறைத்தாய். பத்து வருஷம் ஓட்டாமல் இருந்ததையும் மறைத்தாய். ரெங்கம் எத்தனை தூரம்? இரண்டு தடவை வந்தவன் மூன்றாவது தடவை வந்து, வாசலில் நின்று கத்திச் சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். உள்ளே இருந்த எனக்குக் கேட்டிருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை ஒரு புது ஆணி கடைந்தேன். கன கச்சிதமாக வந்திருக்கிறது. அதைப் பூட்டினால் என் கைப்பிடி மறுபடி கவ்வும், உன்னுடையது இனி எதற்கும் உதவாது. கால் மணி நேர வேலை. இன்று வியாழன். ஆணி என் சட்டைப்பையில் இருக்கிறது. வேலைக்குக் குனியும்போதெல்லாம் நெஞ்சில் குத்துகிறது. நாளைக்குப் பூட்டிவிடுவேன் என்று தினமும் சொல்லிக்கொள்கிறேன்.