கீசருக்கு மட்டும் வராத கரண்ட்

ஜனவரி 8, வியாழன்

காலையில் நிதாவைக் குளிப்பாட்டினேன். பிள்ளை பெற்ற பச்சை உடம்பு. ஆவி பறக்க இடுப்பில் அடித்து ஊற்றினால்தான் உடம்பு கூடும். கீசரை முழுசாகத் திருகி, மஞ்சளும் வேப்பிலையும் போட்டு ஊற்றுகிறேன், இவளுக்கு அது பொறுக்கவில்லை. "உம்மா, பஸ், போதும், கொஞ்சம் ஆறட்டும்" என்கிறாள். ஆறின தண்ணீர் ஊற்ற உம்மா எதற்கு?

ஆபரேஷன் தையல் காய்ந்துவிட்டது என்று டாக்டரே சொல்லியாயிற்று. இவளைப் பெற்றபோது இந்தப் புனேயில் எனக்கென்று ஒரு ஆள் இல்லை. இதே மாதிரி ஜனவரிக் குளிர். வீட்டுக்கு வந்த மறுநாளே பச்சைத் தண்ணீரில் துணி துவைத்தேன். அன்றைக்குப் பிடித்த இடுப்பு இன்னும் விடவில்லை. என் மகளுக்கு அது வரக்கூடாது. நாற்பது நாள் முடியும்வரை அவள் என் பொறுப்பு.

மத்தியானம் பக்கத்துச் சந்தில் டிரான்ஸ்பார்மர் வெடித்துக் கரண்ட் போய்விட்டது. எங்கள் கோந்த்வா ஏரியாவில் பாதி இருட்டு.

ஜனவரி 9

கரண்ட் நேற்றே வந்துவிட்டது. லைட் எரிகிறது, ஃபேன் ஓடுகிறது, மிக்ஸி ஓடுகிறது. கீசரில் மட்டும் சிவப்பு விளக்கைக் காணோம். ஸ்விட்சைப் போட்டு அணைத்து, போட்டு அணைத்து என் விரல் தேய்ந்ததுதான் மிச்சம்.

எனக்கு வீட்டுக்காரர் ஜாபர் சாதிக்மேல்தான் சந்தேகம். எங்கள் ஊர் மேலப்பாளையத்தில் ஒரு தடவை போன கரண்ட் திரும்பி வந்த வேகத்தில் எங்கள் ஃப்ரிட்ஜ் கருகிப்போனது. அன்றிலிருந்து கரண்ட் போனால் இவர் தொழுகையைத் தவிர எதை விட்டும் எழுந்து ஓடுவார். மெயின் போர்டில் இருக்கிற ஸ்விட்ச் எல்லாவற்றையும் கீழே இறக்குவார், கரண்ட் வந்து கொஞ்ச நேரம் கழித்து ஒவ்வொன்றாக மேலே தூக்குவார். நேற்றும் அதே கூத்து.

"எல்லாத்தையும் தூக்கினீங்களா?"

"தூக்காமலா மிக்ஸி ஓடுது? கீசர் பழசு, போயிருக்கும். புதுசு வாங்குதேன், சும்மா கெட."

சொல்லிவிட்டு இவர் கடையைத் திறக்கப் போய்விட்டார். நான்தான் கிடந்து அல்லாடுகிறேன்.

ஜனவரி 10

அடுப்பில் அண்டா வைத்து வெந்நீர் போட்டேன். தூக்கிக்கொண்டு குளியலறை போவதற்குள் இடுப்பு பிடித்து, பாதி ஹாலில் கொட்டிவிட்டது. மிச்சத்தில் பச்சைத் தண்ணீர் கலந்துதான் ஊற்ற முடிந்தது. எனக்கு அழுகை வந்தது. நிதாவோ ஒன்றுமே நடக்காத மாதிரி தலை துவட்டிக்கொண்டு, இரண்டு தோசை கூடுதலாகக் கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள். பிள்ளையும் நன்றாகப் பால் குடித்துத் தூங்கினான்.

குளிர் உள்ளே இறங்கினால் இப்போதா தெரியும்? எனக்கும் அப்போது தெரியவில்லை.

ஜனவரி 11

வயரிங் பார்க்கிற ஷ்ரேயஸ் வந்தான். கீசருக்குக் கரண்டே வரவில்லை என்றான். நேராக நிதாவின் அறைக்குப் போய், கதவுக்கு மேலே இருக்கிற மெயின் போர்டைத் திறந்தான். வரிசையில் ஒன்று மட்டும் கீழே இறங்கியிருந்தது. தூக்கினான். கீசரில் சிவப்பு விளக்கு எரிந்தது. இவ்வளவுதான் விஷயம். இதற்கு மூன்று நாள்!

இவர் கடையிலிருந்து வந்ததும் பிடித்துக்கொண்டேன். "வல்லாஹி தூக்கினேன்" என்கிறார். சத்தியம் வேறு.

ஜனவரி 12

காலையில் கீசரில் மறுபடி விளக்கு இல்லை.

ஷ்ரேயஸுக்குப் போன் செய்தேன். மராத்திப் பையன், என்னைக் காகு, அதாவது சித்தி, என்றுதான் கூப்பிடுவான். லோடு தாங்காமல் தானாக விழும் காகு, சாயங்காலம் வந்து வேறு போடுகிறேன் என்றான். சாயங்காலம்வரை யார் காத்திருக்க? ஒட்டடைக் குச்சியால் நானே தூக்கிவிட்டு, வேப்பிலை பறிக்கக் கீழே இறங்கினேன். கதவை வெறுமனே சாத்திவிட்டுத்தான் போனேன்.

திரும்பி வந்து பார்த்தால் — நிதா ஸ்டூல் மேலே நிற்கிறாள். ஒரு கை தையல் போட்ட வயிற்றைப் பிடித்திருக்கிறது. இன்னொரு கை போர்டில்.

அவளை இறக்கி உட்காரவைத்த பிறகுதான் கோபம் வந்தது. "கிறுக்குப் பிடிச்சிருக்கா உனக்கு? விழுந்தா என்ன ஆகும்? வாயத் தொறந்து சொல்ல வேண்டியதுதானே?"

"சொன்னேன் உம்மா. டெய்லி சொன்னேன்." கத்தவில்லை அவள். "தையல்ல படுறப்போ எரியுது. நீ பொறுத்துக்கோன்னு சொல்லி அடுத்த கப் ஊத்துற. ராத்திரியே பயம் வந்துடுது, காலைல தண்ணி ஊத்துவியேன்னு. கரண்ட் வந்து வாப்பா எல்லாம் தூக்கிட்டுப் போனாங்கல்ல, அப்புறம் நான் அது ஒண்ண மட்டும் இறக்கிட்டேன்."

வேப்பிலை கையிலேயே இருந்தது. பிள்ளை அழுதான், தூக்கிக்கொண்டு பால்கனிக்குப் போய்விட்டேன்.

ஜனவரி 13

ஷ்ரேயஸை வர வேண்டாம் என்று நேற்றே சொல்லிவிட்டேன். இவரிடம் எதுவும் சொல்லவில்லை. பாவம், சத்தியம் செய்தவரை மூன்று நாள் பொய்க்காரராக்கி வைத்திருந்தேன்.

இன்று இருப்பே கொள்ளவில்லை. அடுக்களைக்கும் ஹாலுக்கும் நடந்தே பொழுது போனது. என் இடுப்பு பொய்யா? நான் பட்டது பொய்யா? நல்லதுதானே செய்தேன்? நல்லதுதான். ஆனால் பெற்ற பிள்ளை என் கைக்குப் பயந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஸ்டூல் ஏறியிருக்கிறாள். தண்ணீருக்கு இல்லை, எனக்குப் பயந்து.

ஜனவரி 14

குளிக்கிறாயா என்று மட்டும் கேட்டேன். சரி என்றாள். உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டாள். வந்த நாளிலிருந்து அந்தக் கதவைத் தாழ் போட நான் விட்டதே இல்லை. பேரனை மடியில் போட்டுக்கொண்டு வெளியே உட்கார்ந்திருந்தேன். சூடு பற்றுமா, வழுக்குமா, மயக்கம் வருமா... இரண்டு தடவை எழுந்து போய்க் கதவைத் தட்டாமல் திரும்பினேன்.

ஜனவரி 17

இன்று குளிக்கப் போனவள் பாதியில் தாழ்ப்பாளைத் திறந்தாள்.

"உம்மா, முதுகுக்கு எனக்கு எட்டல. ஊத்துறியா?"

பிள்ளையை இவரிடம் கொடுத்துவிட்டுப் போனேன். வாளியில் கைவிட்டுப் பார்த்தேன். வெதுவெதுப்புக்கும் கீழே. நாக்கு நுனிவரை வந்தது, விழுங்கிவிட்டேன்.

"இது போதுமா?" என்று கேட்டேன்.

போதும் என்றாள். மெதுவாக ஊற்றினேன்.