ஜாதிக்காய் அறையில் மருந்துகள்

3 மார்ச் 1987, செவ்வாய்
இன்றும் சீனி முகம்மது அண்ணன் தூக்க மாத்திரை கேட்டார். என் மருந்தகக் கட்டடம் அவருடையது; பக்கத்திலேயே அவருடைய மளிகைக் கடை. "டாக்டர் சீட்டு வேணும்ணே" என்றேன்.

"என் இடத்துல இருந்துக்கிட்டு எனக்கே சட்டமா லா?" திரும்பிப் பார்க்காமல் போய்விட்டார்.

வருத்தம்தான். ஆனாலும் ஆஸ்பத்திரி வேலையை விட்டுவிட்டு இந்தப் பாலிக் பூலா என்ற சிற்றூருக்கு வந்ததில் எனக்கு ஒரு குறையும் இல்லை. காலையில் வீடு இருக்கும் டத்தோ கிராமாட்டிலிருந்து மலையைச் சுற்றிக் காரில் வரும்போதே மனம் லேசாகிவிடுகிறது.

10 மார்ச்
இன்ஸ்பெக்ஷன். சுகாதார இலாகாவிலிருந்து நோர்மா என்ற அதிகாரி வந்தார். அலமாரிப் பூட்டு, பதிவேடு, காலாவதித் தேதிகள் எல்லாம் சரி. பிறகு வெப்பமானியைப் பார்த்தார். முப்பத்திரண்டு! மேற்கு வெயில் முழுக்க என் அலமாரிகள் மேல்தான் விழுகிறது. மாதக் கடைசிக்குள் குளிர்ச்சியான அறை வேண்டும், இல்லையென்றால் லைசன்ஸைப் புதுப்பிக்கச் சிபாரிசு செய்ய முடியாது என்றார். கோபம் வரவில்லை. சூட்டில் கெட்ட மருந்தை யாருக்குக் கொடுப்பது?

11 மார்ச்
பின்பக்கம் அண்ணன் ஜாதிக்காய் மூட்டை போட்டு வைக்கும் அறை இருக்கிறது. கல் சுவர், நல்ல நிழல். ஒரு ஏர்கான் மாட்டினால் போதும். கேட்டேன்.

"மாத்திரைய குடு, சாவிய எடுத்துக்க."

முடியாது என்று சொல்லிவிட்டேன். வீட்டில் என் கணவரிடம் சொன்னதும், "பத்து மாத்திரைதானே?" என்றார். அப்புறம் அவரே சிரித்தார். "நீ குடுக்க மாட்ட."

14 மார்ச்
வேறு இடம் கிடைக்கவில்லை.

16 மார்ச்
காலையில் கடை திறந்ததும் அண்ணனின் மனைவி காமாரியா அக்கா ஓடி வந்தார். "தோலோங், தோலோங்! உதவிக்கு வாங்க! எழுப்பினா எந்திரிக்க மாட்டேங்கிறாரு!"

பாசார் சந்தையில் யாரோ விற்ற மாத்திரையாம். பெயர்கூட இல்லாத பொட்டலம். மூச்சு இழுத்து இழுத்து வந்தது. கடையைப் பூட்டிவிட்டு அவரை என் காரில் போட்டு ஆஸ்பத்திரிக்கு — பொட்டலத்தையும் மறக்காமல் எடுத்துப் போனேன். பிழைத்துவிட்டார்.

நானே கொடுத்திருந்தால் இது நடந்திருக்காதோ? அதற்காகச் சீட்டில்லாமல் கொடுத்திருக்க வேண்டுமா? இல்லை. ஆனால் ஏன் தூக்கம் வரவில்லை என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவே இல்லையே நான்.

20 மார்ச்
அண்ணன் வந்து சாவியை மேசைமேல் வைத்தார். "ரூம எடுத்துக்க தங்கச்சி."

"மாத்திரை?"

"அதான் செத்துப் பொழச்சாச்சே லா."

உட்காரச் சொல்லி, தூக்கம் கெட்டது எப்போதிலிருந்து என்று கேட்டேன். மகன் சிங்கப்பூர் போனதிலிருந்து என்றார். வெகுநேரம் பேசினார். டாக்டரைப் பார்க்க ஒத்துக்கொண்டார்.

30 மார்ச்
நோர்மா மறுபடி வந்தார். புது அறையில் இருபத்து மூன்று டிகிரி. எத்தனை கழுவியும் மூலையில் ஜாதிக்காய் வாசம் போகவில்லை. அவர் மூக்கை உறிஞ்சிச் சிரித்தார். எல்லாம் சரி என்று எழுதும்போது அண்ணன் கிளினிக் சீட்டோடு நுழைந்தார். சீட்டில் டாக்டர் கையெழுத்து இல்லை.

"கையெழுத்து வாங்கிட்டு வாங்கண்ணே."

"ரூம் குடுத்தவனுக்கே இப்படியா லா!" புலம்பிக்கொண்டே போனார். சாயங்காலம் கையெழுத்தோடு வந்தார். ஒரு வாரத்துக்கான மாத்திரை கொடுத்தேன்.

6 ஏப்ரல்
அண்ணன் மாத்திரைக்கு வரவில்லை. இப்போது தானாகவே தூக்கம் வருகிறதாம். மளிகைக் கடையில் யாரிடமோ அவர் உரக்கச் சொல்வது இங்கே வரை கேட்டது:

"அங்க போனா சீட்ட சரியா கொண்டு போ. என்னையே திருப்பி அனுப்பிச்ச பொம்பள அது."

அந்தக் குரலில்தான் எவ்வளவு பெருமை!