உப்புப் போட்ட ஐஸ்

சத்திரக்குடி
20.8.2008

அன்புள்ள மகன் பூமிநாதனுக்கு அய்யா எழுதுவது. நீ மஸ்கட்டில் வேளைக்குச் சாப்பிட்டு நன்றாயிருக்க வேண்டும். இங்கே நானும் அம்மாவும் அக்காவும் இருக்கிறோம். நலம் என்று எழுத வேண்டிய இடத்தில் இருக்கிறோம் என்று விழுந்துவிட்டது, திருத்தவில்லை.

அக்காவின் ரத்தப் பரிசோதனை முடிவு வரவில்லை என்று போனில் இரண்டு முறை சொன்னேன். அது பொய். அந்த ரத்தத்தைக் கெடுத்தவன் நான். அக்கா இராமலட்சுமிக்கு மல்டிபிள் ஸ்கிளரோசிஸ் என்ற நரம்பு நோய் என்று தெரிந்து மூன்று வருஷமாகிறது, நல்லாத்தானே நடக்கிறேன் என்று தை மாதம் ஊசியை நிறுத்திவிட்டாள். வெளியே தெரியாமலே நரம்பு சேதமாகலாம் என்றார் மதுரை டாக்டர். படகு கட்டிய கயிறு தேய்ந்தால் அறுவதற்கு முன்பே நார் தண்ணீரில் மிதக்குமே, அதுபோல நரம்பின் நார்ப்புரதம் ரத்தத்தில் கலக்குமாம். அதை அளக்கும் ஆராய்ச்சி இப்போதுதான் நடக்கிறது, முழுக்க உறுதியாகவில்லை. அளவு கூடியிருந்தால் ஊசி போட்டுக்கொள்வதாக அக்கா ஒப்புக்கொண்டாள்.

சித்திரை வெயிலில் அவளுக்குக் கால் சோர்ந்துவிடும் என்று ராமநாதபுரத்திலேயே ரத்தம் எடுத்து நான் பஸ்ஸில் கொண்டுபோனேன். குளிர்ச்சியாக இருக்க வேண்டும், உறையக்கூடாது என்று சொல்லியிருந்தார்கள். மீன் ஏற்றும் அப்துல் அஜீஸ் ஐஸ் பெட்டி கொடுத்தார். உப்புப் போட்டாத்தேன் சார் மதுரை வரைக்கும் தாங்கும், நம்ம சீலா மீனெல்லாம் அப்படித்தேன் போகுது என்று கல்லுப்பை அள்ளிப் போட்டார். ஐஸில் உப்புச் சேர்ந்தால் குளிர் பூஜ்ஜியத்துக்குக் கீழே இறங்கும் என்று முப்பது வருஷம் வகுப்பில் செய்து காட்டியவன், தலையாட்டிக்கொண்டு நின்றேன். மதுரையில் திறந்தால் ரத்தம் கட்டியாக உறைந்திருந்தது. அணுக்கள் உடைந்திருக்கும், அளக்க முடியாது, ஆராய்ச்சிக்கு அடுத்து ரத்தம் எடுப்பது இனி ஆவணியில்தான் என்றார்கள். அக்காவிடமும் பொய்தான் சொன்னேன்.

ஆடியில் அவளுக்கு இடது கால் மரத்துவிட்டது. செருப்பு கழன்றது தெரியாமல் கடைத்தெரு வரை போய் வந்தாள், பாதமெல்லாம் ரத்தம். அன்றைக்குத்தான் உண்மையைச் சொன்னேன். எனக்கு அழுகை வரவில்லை, இன்றுவரை வரவில்லை. சாப்பிடுகிறேன், பேப்பர் படிக்கிறேன். உண்மையைக் கேட்டதும் அக்கா, என்னையும் சீலா மீனுன்னு நெனச்சீகளாக்கும் என்றாள். பிறகு, அளவு தெரிஞ்சிருந்தாலும் ஊசி போட்டிருப்பேனான்னு எனக்கே தெரியலய்யா என்றாள். எனக்காகச் சொன்னாளா என்று தெரியவில்லை.

இப்போது வெள்ளிதோறும் ஊசி போடுகிறாள். வரும் திங்களன்று முதல் பஸ்ஸில் ரத்தம் கொடுக்க அவளே மதுரைக்குப் போகிறாள், பெட்டி கிடையாது. நீ நோய்நொடியில்லாமல் நீண்ட நாள் இரு. ஞாயிறு மறக்காமல் அக்காவிடம் பேசு. அய்யா எல்லாம் எழுதிவிட்டார் என்றே சொல், மறைக்கிற வேலை என்னோடு போகட்டும்.

உன் அய்யா,
மு. வீரபத்திரன்